பெயர் பொறிக்கப்படாத நூல்களின் ஆசிரியை



நூல்களையும் நூலாசிரியர்களையும் பற்றிப் பேசுகின்ற இவ்விலக்கியத் தொடரிலே, எவரும் முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை வாசித்திராத சில நூல்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவற்றிலே கதையில்லை, கவிதையில்லை. பக்கத்துக்குப் பக்கம் எண்கள் மாத்திரமே வரிசை வரிசையாக நிற்கும். எனினும் அவற்றைத் தயாரித்தவர்களின் வரலாறு எந்த நாவலுக்கும் குறைந்ததல்ல. அவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் கேர்ட்ரூட் பிளாஞ்ச் என்னும் கணிதவியல் அறிஞை. எண்சார் பகுப்பாய்வு எனப்படும் துறையிலே அறுபது ஆண்டுகளுக்கு அண்மித்த காலத்தைச் செலவிட்டவர் அவர்.

எண்சார் பகுப்பாய்வு என்றால் என்ன என்று முதலிலே சொல்லிவிடுகிறேன். கணிதத்திலே ஒரு வினாவுக்கு விடை உண்டு என்று நிறுவுவது ஒன்று. அவ்விடையை எண்ணாகக் கண்டு கையிலே தருவது வேறொன்று. பாலம் அமைக்கும் பொறியியலாளனுக்கும் கப்பல் செலுத்தும் மாலுமிக்கும் வேண்டியது எண். அந்த எண்ணை எந்த வழியாற் பெறலாம், எத்தனை தசமதானம் வரை அதை நம்பலாம் என்று ஆராய்வதே இத்துறை. மின்னியக்கக் கணனிகள் வருவதற்கு முன்னர் இத்துறையின் விளைச்சல் எல்லாம் அட்டவணை நூல்களிலேதான் சேமிக்கப்பட்டது. எங்கள் தலைமுறையினர் பாடசாலையிலே ‘லொக் புத்தகம்’ என்று அழைத்த மடக்கை வாய்பாடு அந்தப் பெருங்குடும்பத்தின் மிகச் சிறிய பிள்ளை.

இன்னுமொரு செய்தி. ‘கொம்பியூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் அந்நாளிலே இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குச் செய்வதைத் தொழிலாகக் கொண்ட மனிதரையே அது குறித்தது. மனிதர் களைப்படைவர், கவனம் தவறுவர், ஏழை ஒன்றாகப் படிப்பர். அட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகளைக் கண்டு சலித்தே இங்கிலாந்தின் சாள்ஸ் பாபேஜ் 1822 ஆம் ஆண்டளவில் இயந்திரத்தாற் கணக்குச் செய்யலாம் என்று கனவு கண்டார். அவருடைய இயந்திரம் அவர் வாழ்நாளில் முற்றுப்பெறவில்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர், இயந்திரத்தை நம்பாமல், தவறுவது இயல்பான மனிதரைக் கொண்டே பிழையற்ற நூல்களை ஆக்கிக் காட்டினார் பிளாஞ்ச் அம்மையார்.

அவர் 1897 ஆம் ஆண்டு பெப்ரவரி 2 ஆம் திகதி, அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த போலந்தின் கொல்னோ என்ற ஊரிலே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிட்டல் கைமோவிட்ஸ். தந்தையார் முன்னதாக அமெரிக்காவுக்குப் புறப்பட்டுச் செல்ல, 1907 ஆம் ஆண்டிலே தாயாரும் மகளும் அவரைச் சென்றடைந்தனர். நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலே வளர்ந்த சிறுமி 1914 இலே உயர்நிலைப் பாடசாலைப் படிப்பை முடித்தாள். அதே ஆண்டிலே தந்தையார் காலமானார். பல்கலைக்கழகம் செல்ல வேண்டிய வயதிலே குடும்பத்தைத் தாங்குவதற்காக எழுதுவினைஞர் வேலைக்குச் சென்றாள் அந்தப் பதினேழு வயதுப் பெண்.

அந்த வேலை ஓரிரு ஆண்டுகளுடன் முடியவில்லை. பதினான்கு ஆண்டுகள் நீண்டது. சம்பளத்திலே சிறிது சிறிதாக மிச்சம்பிடித்துப் படிப்புக்கென்று சேர்த்தார். நியூயோர்க் பல்கலைக்கழகத்திலே பயின்று, 1932 ஆம் ஆண்டில், தமது முப்பத்தைந்தாவது வயதிலே, கணிதத்திற் பட்டம் பெற்றார். தாயாரின் பிறந்தகப் பெயரான பிளாங் என்பதைச் சற்று மாற்றி, பிளாஞ்ச் என்று தமது பெயரை அமைத்துக்கொண்டதும் அவ்வாண்டிலேதான். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகம் சென்று 1935 இலே அட்சரகணிதக் கேத்திரகணிதத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்திலே அமிழ்ந்திருந்த காலம் அது. கலாநிதிப் பட்டம் பெற்ற ஆண்களே வேலையின்றி அலைந்தபோது, வயது கடந்த, யூத, குடியேறிய பெண்ணொருத்திக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் எளிதிலே திறந்துவிடுமா? ஹன்டர் கல்லூரியிலே விடுமுறையிற் சென்ற ஒருவருக்குப் பதிலாக ஓராண்டு கற்பித்தார். அது முடிந்ததும் மீண்டும் அலுவலகக் கணக்கெழுதும் வேலைதான். பதினான்கு ஆண்டுகளாக எங்கிருந்து தப்ப முயன்றாரோ, கலாநிதிப் பட்டத்துடன் அங்கேயே திரும்பி வந்து சேர்ந்தார்.

ஆனாலும் கணிதத்தை அவர் விட்டுவிடவில்லை. மனம் வறண்டுபோகாதிருக்க, மாலை வேளையிலே சார்பியற் கொள்கை பற்றி நடைபெற்ற வகுப்பொன்றிலே போய் அமர்ந்தார். அங்கே விரிவுரை நிகழ்த்தியவர் ருமேனியாவிலிருந்து வந்த பௌதிகவியலாளரான ஆர்னோல்ட் லோவன். இத்தனை தெளிவாகச் சிந்திக்கும் மாணவி யார் என்று அவர் விசாரித்திருக்க வேண்டும். 1938 ஆம் ஆண்டிலே, தாம் பொறுப்பேற்ற புதிய திட்டமொன்றின் கணிதப் பணிப்பாளராக வரும்படி பிளாஞ்சை அழைத்தார்.

அதுதான் கணித அட்டவணைத் திட்டம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் வேலையற்றோருக்கு நிவாரணமாக வேலை வழங்குவதற்கு 1935 இலே ஒரு நிருவாகத்தை நிறுவியிருந்தது. வீதி அமைத்தல், கட்டடம் கட்டுதல் என்பவற்றோடு, எழுத்தாளருக்கும் ஓவியருக்குங்கூட அந்நிருவாகம் வேலை கொடுத்தது. அதன் ஒரு கிளையாகவே நியூயோர்க் நகரிலே இத்திட்டம் 1938 பெப்ரவரியில் ஆரம்பமாயிற்று. உச்சக் கட்டத்திலே சுமார் 450 பேர் அங்கு கணக்குச் செய்தனர்.

அந்த 450 பேரும் யார்? கணிதம் கற்றவர்களா? இல்லை, நேயர்களே. பெரும்பாலானோர் பல மாதங்கள் வேலையின்றி, நிவாரணப் பட்டியலிலே பெயர் பதிந்து வந்தவர்கள். எண்கணிதத்தின் அடிப்படையையே மறந்துபோனவர்கள் பலர். தொடக்கத்திலே கணிக்கும் பொறிகளும் மிகச் சிலவே இருந்தன; மற்றவர்களுக்குப் பென்சிலும் தாளுந்தான். இவர்களைக் கொண்டு, பத்துக்கு மேற்பட்ட தசமதானங்களுக்குச் சரியான அட்டவணைகளை ஆக்க வேண்டும்.

பிளாஞ்ச் அம்மையாரின் மேதைமை இங்கேதான் வெளிப்பட்டது என்பேன். எத்தனை சிக்கலான கணிப்பாயினும் அதைக் கூட்டல், கழித்தல், ஓரிலக்கத்தாற் பெருக்கல், நெடும்பிரித்தல் என்ற எளிய செய்கைகளாக உடைத்தார். தொழிலாளர் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு கூட்டல் மாத்திரமே செய்யும். மற்றொன்று கழித்தல் மாத்திரமே செய்யும். நேர் எண்ணைக் கறுப்புப் பென்சிலாலும் மறை எண்ணைச் சிவப்புப் பென்சிலாலும் எழுதினர். மறை எண் என்றால் என்னவென்று விளங்காதவருங்கூட நிறத்தைப் பார்த்து வேலை செய்துவிடலாம். எந்தக் கட்டத்திலே எந்த எண்ணை இடுவது, அடுத்து என்ன செய்வது என்பதெல்லாம் தாளிலேயே வகுக்கப்பட்டிருக்கும். இன்று கணனிக்கு நிரல் எழுதுபவர் செய்வதை அன்று அவர் மனிதருக்காகச் செய்தார். ஆனால் மனிதருக்கு எழுதுவது கடினம். இயந்திரம் சொன்னதைச் செய்யும். மனிதரோ வீட்டுக் கவலையையும் உடன் கொண்டு வருவர்.

ஆகவே பிழை நேராமற் பார்ப்பதைவிட, நேர்ந்த பிழை தானாகவே வெளிப்படும்படி வழிசெய்வதிலே அவர் கருத்தைச் செலுத்தினார். அந்த முறைகளில் ஒன்றை வானொலி மூலமாகவே விளக்கிவிடலாம். வர்க்க எண்களை வரிசையாக எடுங்கள்: 1, 4, 9, 16, 25, 36. அடுத்தடுத்துள்ளவற்றின் வித்தியாசங்கள் 3, 5, 7, 9, 11. அவ்வித்தியாசங்களின் வித்தியாசங்களைப் பார்த்தால் 2, 2, 2, 2 என்று ஒரே எண்தான் வரும். இப்போது எவரோ ஒருவர் 16 என்பதற்குப் பதிலாக 17 என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வித்தியாசங்கள் 3, 5, 8, 8, 11 என்றாகும். இரண்டாம் வித்தியாசங்களோ 2, 3, 0, 3 என்று குழம்பிவிடும். ஒன்றென்ற சிறு பிழை, ஒன்று கூடி, இரண்டு குறைந்து, மீண்டும் ஒன்று கூடித் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னும் ஆழமாகச் சென்று நான்காம் வித்தியாசத்தைப் பார்த்தால் அதே பிழை ஆறு மடங்காகப் பெருத்துத் தெரியும். இம்முறையைச் செய்வதற்குக் கழிக்கத் தெரிந்தாற் போதும். பிழை செய்தவரைத் தேடிக் கண்டிப்பதற்கு அங்கே தேவையில்லை. பிழையைத் திருத்தினாற் போதும்.

இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட தொகுதிகள் வெளிவந்தன. அடுக்குக்குறிச் சார்புகள், சைன் கோசைன் சார்புகள், இயற்கை மடக்கைகள், நிகழ்தகவுச் சார்புகள் என்று அப்பட்டியல் நீளும். முதலிலே அறிஞர்கள் பலர் இவற்றைச் சந்தேகக் கண்கொண்டே நோக்கினர். நிவாரணம் பெறுவோர் செய்த கணக்கை நம்பி ஆராய்ச்சி செய்வதா என்பது அவர்களின் கேள்வி. நூல்களைப் பரிசோதித்துப் பார்த்த பின்னர்தான் அந்தக் கேள்வி மெல்ல அடங்கியது. பின்னர் பல தசாப்தங்களுக்கு அவையே உரைகல்லாக விளங்கின.

மற்றொரு செய்தியே என்னை மிகவும் கவர்ந்தது. மதிய உணவு இடைவேளையிலே அத்தொழிலாளருக்குக் கணித வகுப்புகள் நடத்த அவர் ஏற்பாடு செய்தார். எண்கணிதத்திலிருந்து தொடங்கி, அட்சரகணிதம், திரிகோணகணிதம் என்று உயர்கணிதம் வரை அவை சென்றன. அவருடைய முறைப்படி வேலை நடப்பதற்கு இந்தக் கல்வி அவசியமே இல்லை. கூட்டத் தெரிந்தவர் கூட்டிக்கொண்டே இருந்தாற் போதும். பதினான்கு ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து, இரவெல்லாம் கணிதத்தைக் கனவு கண்ட ஒருவருக்கே, கூட்டல் மேசையில் இருப்பவருக்கும் அறிவுப் பசி இருக்கும் என்று தோன்றும் என நினைக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. 1943 இலே நிவாரண வேலைத் திட்டங்கள் மூடப்பட்டன. ஆயினும் அட்டவணைத் திட்டம் யுத்தகால விஞ்ஞான ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டமையால் சிறிய அளவிலே தொடர்ந்தது. வானொலி அலைகளைக் கொண்டு கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறியும் ‘லோரன்’ முறைக்கான அட்டவணைகள் அங்கே கணிக்கப்பட்டன. யுத்தம் முடிந்தபின் அத்திட்டம் தேசிய நியமங்கள் பணியகத்துடன் இணைந்தது. 1947 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே அங்கு ஒரு வேடிக்கையான கணக்குச் செய்யப்பட்டது. ஒரு மனிதனுக்கு வேண்டிய ஒன்பது வகைப் போசணைகளை, 77 உணவுப் பொருட்களிலிருந்து ஆகக் குறைந்த செலவிலே பெறுவது எப்படி? பொருளியலாளர் ஸ்ரிக்லர் ஊகித்துக் கண்ட விடை, 1939 ஆம் ஆண்டு விலைப்படி, வருடத்துக்கு 39.93 டொலர். ஜோர்ஜ் டான்ரிசிக் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த ‘சிம்பிளெக்ஸ்’ முறையால், ஒன்பது எழுதுவினைஞர் மேசைக் கணிப்பொறிகளைக் கொண்டு கணித்துக் கண்ட விடை 39.69 டொலர். ஒருவர் தனியாகச் செய்தால் 120 நாட்கள் எடுக்கும் வேலை அது. இருபத்துநான்கு சதத்துக்காகவா இத்தனை பாடு என்று கேட்கலாம். புதிய முறை சரியானது என்பதை உலகுக்குக் காட்டியது அந்த இருபத்துநான்கு சதந்தான்.

1948 இலே பிளாஞ்ச் அம்மையார் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அமைந்த எண்சார் பகுப்பாய்வு நிறுவகத்துக்குச் சென்று அதன் கணிப்புப் பிரிவை வழிநடத்தினார். 1950 இலே அங்கு ‘சுவாக்’ என்ற மின்னியக்கக் கணனி நிறுவப்பட்டது. மனிதக் கணிப்பாளரின் தலைவியாக இருந்தவர் இப்போது இயந்திரத்துக்கு வேலை கற்பிக்கலானார். தமது தொழில் அழிகிறதே என்று அவர் புலம்பவில்லை. மனிதருக்கு ஏற்பட்ட அதே பிரச்சினைதான் இயந்திரத்துக்கும் ஏற்பட்டது. அதுவும் எண்களைக் குறித்த இலக்கங்களுக்கு மேல் வைத்திருக்க மாட்டாது, எஞ்சியதை வெட்டிவிடும். 1.4142 இலிருந்து 1.4141 ஐக் கழித்துப் பாருங்கள். ஐந்து இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்கள் ஒரே ஓர் இலக்கமாகச் சுருங்கிவிடும். வேகமாகக் கணிக்கும் இயந்திரம் வேகமாகவே பிழைக்கும். எந்த வழியிற் சென்றால் இந்த இழப்பு நேராது என்று அறிந்தவர்களின் அருமை அப்போதுதான் புரிந்தது.

யுத்தத்தின் பின்னரான அந்த ஆண்டுகள் அமெரிக்காவிலே சந்தேகத்தின் ஆண்டுகளுமாகும். கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். பிளாஞ்ச் அம்மையாரும் சமஷ்டிப் புலனாய்வுப் பிரிவினரின் சந்தேகத்துக்கு ஆளானார். அவர் திருமணம் செய்யவில்லை, பிள்ளைகள் இல்லை என்பதையும் அவருக்கு எதிரான குறிப்புகளிலே ஒன்றாகச் சேர்த்திருந்தார்களாம். பலர் இத்தகைய வேளையிலே பேசாமல் ஒதுங்கிக்கொண்டனர். இவரோ விசாரணை வேண்டும் என்று தாமே கோரினார். ஐம்பது வயதைத் தாண்டிய, உருவத்திற் சிறிய அந்த அம்மையார் விசாரணையின் முன் நின்று தம்மீது குற்றமில்லை என்று நிலைநாட்டினார். வித்தியாசங்களை எடுத்துப் பிழையை வெளிக்கொணர்ந்தவருக்கு, தம்மைப் பற்றிய பதிவேட்டில் ஒரு பிழை கிடப்பதைப் பொறுக்க முடியவில்லைப் போலும்.

1954 இலே அந்த நிறுவகம் மூடப்பட்டது. பின்னர் ஒஹையோ மாநிலத்தின் டேற்றன் நகரருகேயுள்ள ரைட்–பற்றர்சன் விமானப்படைத் தளத்தின் ஆராய்ச்சிக்கூடத்திலே சேர்ந்தார். அவருக்குரிய தனிப்பெரும் ஆய்வுப் பொருள் மத்யூ சார்புகள் எனப்படுபவை. 1868 ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர் எமில் மத்யூ, நீள்வளைய வடிவான தோற்பரப்பு எவ்வாறு அதிரும் என்று ஆராய்ந்தபோது இவை தோன்றின. ஊசலொன்றின் தாங்கியை மேலுங்கீழும் விரைவாக அசைத்தால், ஊசல் தலைகீழாகவே நிலைத்து நிற்கும் விந்தையை விளக்குவதும் இதே சமன்பாடுதான். மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளை வெளியிலே சிறைப்பிடிக்கும் பொறியும் இதன் மீதே அமைந்தது. அப்பொறிக்காக வுல்ப்காங் பவுல் 1989 இலே நோபல் பரிசிற் பங்குபெற்றார். எந்த நிலையிலே துணிக்கை தங்கும், எந்த நிலையிலே தப்பியோடும் என்ற எல்லைக்கோட்டை வரைய வேண்டுமாயின் மத்யூ சமன்பாட்டின் சிறப்புப் பெறுமானங்கள் வேண்டும்.

அவற்றைக் கணிப்பது எளிதல்ல. அதற்கு அவர் கையாண்ட கருவி தொடரும் பின்னம். ஒரு பின்னத்தின் பகுதியில் இன்னொரு பின்னம், அதன் பகுதியில் மற்றொன்று என்று அடுக்கிக்கொண்டே செல்வது. இரண்டின் வர்க்கமூலத்தை இவ்வழியே தேடினால் 3/2, 7/5, 17/12, 41/29, 99/70 என்று பின்னங்கள் வரும். ஐந்தே படிகளில், 99/70 என்பது 1.41429 ஆகி, உண்மைப் பெறுமானமாகிய 1.41421 இன் வாசலிலே வந்து நின்றுவிடுகிறது. சில படிகளிலேயே மிகுந்த திருத்தத்தைத் தரும் இம்முறையை 1946 இலே மத்யூ சார்புகள் பற்றிய தமது கட்டுரையிலே விளக்கினார். பிழை எங்கே வளரும், எங்கே அடங்கும் என்பதை 1964 இலே தொடரும் பின்னங்கள் பற்றி எழுதிய கட்டுரையிலே ஆராய்ந்தார்.

அதே 1964 அவருக்குப் பெருமை சேர்த்த ஆண்டு. அமெரிக்க அரசாங்கம் தனது பெண் ஊழியருட் சிறந்தவர்களுக்கு வழங்கிய சமஷ்டிப் பெண்கள் விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு காலத்திலே சந்தேகித்த அரசாங்கமே மாலை சூட்டியது. அவ்வாண்டிலேயே அப்ரமோவிட்ஸும் ஐரீன் ஸ்ரீகனும் பதிப்பித்த கணிதச் சார்புகளின் கைந்நூல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்நூல் உலகெங்கும் பௌதிகவியலாளரின் மேசைகளில் இடம்பிடித்தது. பதிப்பாசிரியர் இருவரும் நியூயோர்க் அட்டவணைத் திட்டத்திலே பணிபுரிந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அப்ரமோவிட்ஸ் நூல் வெளிவருமுன்னரே, 1958 இலே, காலமாகிவிட்டார். அதன் இருபதாம் அத்தியாயமான மத்யூ சார்புகளை எழுதியவர் பிளாஞ்ச். முந்திய தொகுதிகள் பலவற்றின் முகப்பிலே நிறுவனத்தின் பெயரே நின்றது. இங்கே அவருடைய பெயர் அவருடைய அத்தியாயத்தின் தலையிலே நின்றது.

1967 இலே ஓய்வு பெற்று, பின்னர் சன்டியாகோ நகரிலே வாழ்ந்தார். ஓய்வு என்பது சம்பளப் பட்டியலுக்கு மாத்திரமே. முதுமையிலும் தொடரும் பின்னங்களைக் கொண்டு மத்யூ சார்புகளை இன்னும் நுட்பமாகக் கணித்துக்கொண்டே இருந்தார். 1996 ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி, தொண்ணூற்றொன்பது வயதை எட்டுவதற்கு ஒரு மாதம் இருக்கையிலே, காலமானார். அந்த இறுதிக் காலத்து ஆய்வு அச்சேறவில்லை.

இன்று அந்த அட்டவணைகளை எவரும் புரட்டுவதில்லை. கையடக்கக் கருவி நொடியிலே விடை தருகிறது. அப்படியானால் அந்த 450 பேரின் உழைப்பும் அவர்களை நடத்திச் சென்றவரின் உழைப்பும் வீணா என்று சிலர் கேட்கக்கூடும். நான் அவ்வாறு நினைக்கவில்லை. புதிய கணனி தரும் விடை சரிதானா என்று எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? இந்த அட்டவணைகளோடுதான். இயந்திரத்துக்கு நாம் கொடுத்த நம்பிக்கை, பென்சில் பிடித்த கைகளிடமிருந்து கடன் வாங்கியது.

மேதைகளின் வரலாற்றை எழுதும்போது நாம் பெரும்பாலும் ஒரு கணத்தின் ஒளியையே தேடுகிறோம். பிளாஞ்ச் அம்மையாரின் வாழ்விலே அத்தகைய ஒரு கணத்தை என்னாற் காட்ட முடியாது. பதினான்கு ஆண்டு எழுதுவினை, நாற்பதை அண்மித்த வயதிலே தொடக்கம், எண்ணுக்குப் பின் எண்ணாகச் சரிபார்த்த பொழுதுகள், இவைதாம் உண்டு. கற்றவர்கள் அலட்சியம் செய்த மனிதரைக் கொண்டு, கற்றவர்கள் நம்பக்கூடிய நூல்களை அவர் ஆக்கினார். மனிதர் தவறுவர் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அதற்காக மனிதரை ஒதுக்கிவிடவில்லை. தவறைக் கண்டு திருத்தும் வழியையே தேடினார். நூலாசிரியர் என்ற பெயருக்கு இதைவிடத் தகுதி வேறு என்ன வேண்டும்? கதையும் கவிதையும் இல்லாத அந்நூல்களின் ஆசிரியையை இவ்விலக்கிய மேடையிலே நினைவுகூர்ந்தது பொருத்தமே என்ற திருப்தியுடன் நேயர்களிடமிருந்து விடைபெறுகிறேன்.